கம்பம் நூற்று மூன்று

போன மாதம் தியாகதுருகம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டுக்காரர் மயங்கிச் சரிந்தார். கூட வந்தவர் நூற்றியெட்டுக்குப் போன் போட்டு, "காலையிலயே சொன்னேங்க, கெளம்பாதன்னு. கேட்டாதானே? வெறும் டீயக் குடிச்சிட்டு வந்தாருங்க..." என்று கதை வாசிக்க ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கி, பஸ் நிற்கும் இடத்தை முதலில் சொன்னேன். அப்புறம்தான் ஆளுக்கு என்ன ஆனது என்று சொன்னேன். அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, "வைக்கலாம்மா" என்று அவர்களே சொன்ன பிறகு வைத்தேன். போனுக்குச் சொந்தக்காரர் என்னை முறைத்தார். முறைக்கட்டுமே.

நான் ஜெயசுதா. கள்ளக்குறிச்சி டெலிபோன் எக்சேஞ்சில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தவள். எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரே சொல்லும், இல்லையென்று நானும் சொன்னதில்லை. ஆனால் அவசரத்துக்குப் போன் பண்ணினால் முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும் என்ற புத்தி எனக்குத் தானாக வந்ததல்ல. அதை என் மண்டையில் ஏற்றியவர் லைன்மேன் பிச்சைமுத்து. அவர் வாயால் சொன்னபோது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பெண்ணின் உயிர் ஊசலாடிய அன்றுதான் உறைத்தது.

பிச்சைமுத்து கல்வராயன் மலையடிவாரத்துக்காரர். அறுபத்து மூன்றில் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு டெலிபோன் லைன் இழுத்தபோது, கம்பத்துக்குக் குழி தோண்டும் கூலியாக வந்தவர். ஒன்றாம் கம்பம் எங்கள் எக்சேஞ்ச் வாசலில். இருநூற்றுப் பதினாறாம் கம்பம் கச்சிராயபாளையம் தபாலாபீஸ் வாசலில். நடுவில் உள்ள அத்தனை குழியிலும் அவர் கடப்பாரை இறங்கியிருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத மனுஷன் எழுதப் படித்தது அந்தக் கம்பங்களில்தான். எஞ்சினியர் சாக்பீஸால் போட்ட நம்பரின் மேல் பெயிண்ட் அடித்து அடித்து எண்கள் கைக்கு வந்தன, எழுத்து அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தது. அதனால்தானோ என்னவோ, ஊர், தெரு, கோயில் எதுவும் அவருக்கு அடையாளமில்லை. எல்லாமே கம்பம்தான்.

அந்தக் காலத்துப் போனுக்கு டயல் கிடையாது. கைப்பிடியைச் சுற்றினால் என் முன்னால் இருக்கும் போர்டில் ஒரு சின்ன மூடி டப்பென்று விழும். நான் ஒயரைச் சொருகி, "நம்பர் ப்ளீஸ்" என்பேன். எங்கேயாவது ஒயர் அறுந்தால் பிச்சைமுத்து சைக்கிளில் போய், கம்பத்தில் ஏறி, தோளில் மாட்டியிருக்கும் டெஸ்ட் போனைக் கம்பியில் கவ்வவிட்டு எனக்குச் சுற்றுவார்.

"எங்க இருக்கீங்க அண்ணே?"

"நூத்தி நாப்பத்தி ரெண்டு."

"ஊரைச் சொல்லுங்கண்ணே."

"ஊரு மாறும். கம்பம் மாறுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவரிடம் "மண்டபம் எங்க இருக்குது?" என்று கேட்டால், "நூத்தி அறுபத்தி மூணுக்குத் தெக்கால, ரெண்டாவது சந்து" என்கிறார். ஆபீஸே சிரித்தது. "பொண்ணு பொறந்தது எந்தக் கம்பத்தாண்ட?" என்று நான் கேட்டேன். "தொண்ணூத்தி நாலு. அன்னிக்கு அங்கதான் வேல," என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

எண்பத்தேழு ஆடி மாதம் ஒரு நாள் தினசரிக் காலண்டரின் பின் அட்டை அளவுக்கு ஒரு பெரிய தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தார். பட்டை பட்டையான எழுத்தில் வரிசையாக நம்பர், எதிரே அந்தக் கம்பத்தின் பக்கத்தில் என்ன இருக்கிறது என்ற விவரம். ரைஸ் மில், மதகு, அய்யனார் கோயில், கிணறு, மரம். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினாராம்.

"ஆப்ரேட்டரம்மா, இத போர்டாண்ட ஒட்டிக்க. யாராச்சும் ஆபத்துன்னு போன் பண்ணா, எடம் தெரியணுமில்ல? கம்பத்து நம்பர கேளு. ரோட்டோரம் எங்க நின்னாலும் ஒரு கம்பம் கண்ணுக்குப் படும்."

"ஆபத்துல இருக்கறவன் கம்பத்தப் போயி எண்ணிக்கினு இருப்பானாண்ணே?" என்றேன்.

"எண்ண வேணாம்மா. எழுதி வெச்சிருக்குது. படிச்சா போதும்."

ஒட்டுகிறேன் என்று வாங்கி வைத்தேன். ஒட்டவில்லை. தாள் நல்ல கெட்டியாக இருந்தது. மேஜை இழுப்பறையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் விரித்தேன். எலுமிச்சை சாதத்து எண்ணெய் ஊறி ஊறி ஒரு மாதத்தில் நாறிப்போயிற்று. கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். இதைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வார மறியல் வந்தது. முதல் நாள் ராத்திரியே சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். சின்னசேலம் ரோடு, தியாகதுருகம் ரோடு, கச்சிராயபாளையம் ரோடு எல்லாம் மரம். பஸ் இல்லை, லாரி இல்லை. விழுந்த மரங்கள் டெலிபோன் கம்பிகளையும் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தன. எக்சேஞ்சுக்கு நடந்தே வந்த நாங்கள் நாலு பேர் இருந்தோம். பிச்சைமுத்து விடிவதற்கு முன்பே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, மரம் மரமாகத் தாண்டிப் போய்விட்டாராம்.

இரண்டாம் நாள் காலை ஒன்பதேகால் இருக்கும். கச்சிராயபாளையம் ரோட்டில் இருக்கும் ஒரு ரைஸ் மில்லின் மூடி விழுந்தது. அந்த லைன் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. ஒயரைச் சொருகினேன்.

"யம்மா, நாராயணசாமி பேசறேங்க. மல்லாட்டக் கொல்லையில களை எடுத்துக்கினு இருந்தா எம் பொண்டாட்டி, தைலம்மாங்க. இன்னிக்கு வேணாம்னுதான் சொன்னேன். கேக்கல. விரியன் கடிச்சிடுச்சுங்க. காலு இன்னாமா வீங்கிக்கினு போவுது பாருங்க. விஷக்கடிக்கு வேர் குடுக்கறவரு வூட்டுக்குப் போலாம்னா அவரும் இல்ல. மில்லுல யாருமே இல்லிங்க, ஜன்னல் வழியா கைய வுட்டுதான் போன எடுத்தேன், தப்பா நெனச்சிக்காதீங்க..."

"எங்க இருக்கீங்க? எடத்தச் சொல்லுங்க!" என்று கத்தினேன். மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை வயல், என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"ரெட்டைப் புளியமரத்தாண்டங்க. ஜீப்பு அனுப்புங்கம்மா. நான் ஓடறேன், அவ ஒண்டியா கெடக்கறா."

டக்கென்று வைத்துவிட்டார். மறுபடி மில்லுக்கு மணி அடித்தேன். ஆளில்லாத மில்லில் அது அடித்துக்கொண்டே இருந்தது. அவர் மேல் கோபித்து என்ன செய்ய? பெண்டாட்டி வரப்பில் கிடக்கிறாள், அவர் என்னோடு பேசிக்கொண்டா நிற்பார்? ஆனாலும் அந்த அரை நிமிஷம் அவர் போனை வைக்காமல் இருந்திருந்தால் பிறகு நடந்த பாதி நடந்திருக்காது.

ஆசுபத்திரிக்கு லைன் போட்டு விவரம் சொன்னேன். ஜீப் டிரைவர் மார்ட்டின் கிளம்பினான். திண்டிவனத்துப் பையன், வேலைக்கு வந்து மூன்று மாதம். மறியல்காரர்கள் ஆசுபத்திரி வண்டியைத் தடுக்கவில்லை. மரத்துக்குப் பக்கத்தில் கொல்லை வழியாக இறக்கி ஏற்றிவிடக் கூடவே தள்ளினார்களாம். அப்பாடா என்று நான் அடுத்த அழைப்பைப் பார்க்கப் போனேன்.

பத்தே முக்காலுக்கு ஆசுபத்திரியிலிருந்து மார்ட்டினே பேசினான்.

"மேடம், யாரும் இல்ல மேடம். ரெண்டு புளியமரம் ஜோடியா விழுந்து கெடந்த எடத்துல நிறுத்தி, கால் மணி நேரம் ஹாரன் அடிச்சேன். ஒரு ஈ காக்கா வரல. அவங்களே தூக்கிக்கினு போயிட்டாங்க போல. திரும்பிட்டேன்."

ரெட்டைப் புளியமரம் என்று நாராயணசாமி சொன்னது நேற்றுவரை நின்ற மரத்தை. அந்த மரத்தை வெட்டிச் சாய்த்தாயிற்று, அதன் மேல் காலை வைத்துத் தாண்டித்தான் அவரும் மில்லுக்கு ஓடி வந்திருப்பார். இருந்தும் வாயில் வந்தது பழைய அடையாளம்தான். வழிநெடுக நூறு மரம் படுத்துக் கிடக்கும்போது எது ரெட்டை, எது ஒற்றை என்று வெளியூர்ப் பையனுக்கு என்ன தெரியும்?

ஆபீஸில் இருந்த எல்லோரையும் கேட்டேன். சூப்பர்வைசர் சின்னசேலத்துக்காரர், உதட்டைப் பிதுக்கினார். வாசலில் டீ போடுகிற முனியன், "ரெட்டைப் புளியமரம்னா அந்த மில்லச் சுத்தியே மூணு எடம் இருக்குதே. எத சொன்னாரு?" என்றான். அப்போதுதான் எனக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தது. அதில் இருந்தது. ரெட்டைப் புளியமரம் என்று அந்தப் பட்டை எழுத்தில் நான் பார்த்திருக்கிறேன். எதிரே என்ன நம்பர்? மேஜை இழுப்பறையைத் திறந்தேன், காலியாக இருக்கும் என்று தெரிந்தும். டிபன் பாக்ஸ் இருந்தது. அதன் அடியில் புதிதாக விரித்த நியூஸ்பேப்பர் இருந்தது.

பாம்பு கடித்தது என்று போன் வந்தே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆசுபத்திரியில் மருந்து இருக்கிறது, ஜீப் இருக்கிறது, ஓட்ட ஆள் இருக்கிறது. அவள் எங்கே கிடக்கிறாள் என்பது மட்டும் தெரியவில்லை. தெரிந்த மனுஷன் எந்தக் கம்பத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறாரோ. நான் அவரைக் கூப்பிட வழியில்லை, அவராகச் சுற்றினால்தான் உண்டு. கச்சிராயபாளையம் லைனின் மூடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாதா, மாரியாத்தா, எல்லோரையும் கூப்பிட்டேன். நாலு பேர் நம்பர் கேட்டுச் சுற்றினார்கள், நாலு பேரையும் திட்டினேன்.

பதினொன்றைத் தாண்டி அந்த மூடி விழுந்தது.

"எக்சேஞ்சா? பிச்சைமுத்து. டெஸ்ட்டிங். தபாலாபீஸ் பக்கம் இன்னும் வரல, ஆனா..."

"அண்ணே! எங்க இருக்கீங்க? நம்பர சொல்லுங்க, நம்பர சொல்லுங்க!"



"நூத்திப் பதினேழு," என்றார். "இன்னா ஆச்சும்மா?"

சொன்னேன். நாராயணசாமி, தைலம்மாள், மல்லாட்டைக் கொல்லை, ரெட்டைப் புளியமரம், ஜீப் வெறுமனே திரும்பி வந்தது, எல்லாம் ஒரே மூச்சில்.

"மல்லாட்ட போட்டிருக்கறது நூத்தி மூணாண்டதான். மத்த ரெண்டு ரெட்டை மரத்துக்கும் பக்கத்துல கரும்பு. ஜீப்பு நின்னது தொண்ணூத்தி ஒண்ணா இருக்கும், அங்க ஜோடியா விழுந்து கெடக்குது. நான் போயி பாத்துட்டு பேசறேன். நீ இந்த லைன வேற யாருக்கும் குடுக்காத."

பதினாலு கம்பம். ஒரு கிலோமீட்டர். நடுவில் எத்தனை மரமோ. கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து அதையே பார்த்தேன். இதற்குள் மார்ட்டினைப் பிடித்தேன். "மறுபடியுமா மேடம்? ஒரு தடவ போயி ஏமாந்து வந்தாச்சு," என்று இழுத்தான். "ஏமாந்தது நீ இல்ல, அங்க வரப்புல கெடக்கறவ. வண்டியில ஏறி உக்காரு, கால தரையில வைக்காத," என்றேன். சின்னப் பையன், பாவம், பயந்துபோய் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

பதினெட்டு நிமிஷம் கழித்து மூடி விழுந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

"நூத்தி மூணு. இருக்கறாங்கம்மா. வெயிலுன்னு ரோட்ட வுட்டு உள்ள, பம்புசெட்டு நெழல்ல படுக்க வெச்சிருக்கறாங்க. மோட்டாரு சத்தத்துல ஹாரன் கேக்கல. பேசறா. காலு தொட வரிக்கும் வீங்கிடுச்சு, ஈறுல ரத்தம். டாக்டராண்ட அத சொல்லு. கடிச்சது காலையில எட்டரைக்கு. விரியன்தான், அடிச்சி வெச்சிருக்கறாரு."

நான் எழுதிக்கொண்டேன்.

"ஜீப்பு தொண்ணூத்தி ஏழு வரிக்கும் வரும். அதுக்கு மேல பெரிய மரம், ரெண்டு பக்கமும் பள்ளம், எறங்காது. நாங்க கட்டிலோட தொண்ணூத்தி ஏழுக்கு வந்துடறோம். டிரைவராண்ட மரத்த தேட வேணாம்னு சொல்லு. கெழக்கால பாத்துக்கினு வந்தா கம்பத்துல நம்பர் இருக்கும். தொண்ணூத்தி ஏழுல நிக்கச் சொல்லு, ஒண்ணு முன்ன பின்ன வேணாம்."

"கட்டில யாருண்ணே தூக்குவாங்க? நீங்க ரெண்டு பேருதானே?"

"மரத்தாண்ட பசங்க நிக்கறாங்க இல்ல? அவுங்கள கேக்கறேன். நேத்து வெட்டுன கைதானே, இன்னிக்கு தூக்காதா?"

தூக்கினார்கள். ஆறு பேர். கட்டிலைத் தலைக்கு மேல் ஏந்தி, தாங்கள் வெட்டிச் சாய்த்த மரத்தின் மேலேயே ஏறி இறங்கினார்களாம். இதெல்லாம் பின்னால் கேள்விப்பட்டது. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. ஆசுபத்திரிக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வெறும் போர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொண்டுவந்த சாதத்தைத் திறக்கவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு மார்ட்டின் பேசினான். "கொண்டாந்துட்டோம் மேடம். ஊசி போட்டுக்கினு இருக்காங்க. நான் போறேன், தொண்ணூத்தி ஏழுல கட்டிலு நிக்குது மேடம்! அப்படியே நிக்குது!" என்று சின்னக் குழந்தைபோலச் சொன்னான். நான் போர்டின் மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன்.

தைலம்மாள் பதினெட்டு நாள் படுக்கையில் கிடந்து பிழைத்தாள். இடது கால் மட்டும் கொஞ்சம் இழுத்தாற்போல் ஆகிவிட்டது. வீட்டுக்குப் போனதும் புருஷனைக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பத்தைக் காட்டச் சொன்னாளாம். எழுத்து தெரியாதவள். நூற்று மூன்று என்று எழுதியிருந்ததை விரலால் தடவித் தடவிப் பார்த்தாளாம். அவளுக்கு எழுதத் தெரிந்த ஒரே எண் அதுதான் என்று நாராயணசாமி என்னிடம் பிறகு சொன்னார்.

மறியல் முடிந்த வாரமே நான் ஒரு புதுத் தாள் வாங்கினேன். பிச்சைமுத்து சொல்லச் சொல்ல இருநூற்றுப் பதினாறு கம்பத்தையும் எழுதிப் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். பழைய தாள் என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஏழு வருஷம் அது என் நெஞ்சில் முள்ளாக இருந்தது. தொண்ணூற்று நாலில் அவர் ரிட்டயர் ஆனபோது மாலை போட்டு, மிக்சரும் டீயும் கொடுத்து அனுப்பும் நாளில், வாசல் வரை கூடப் போய்ச் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அந்த மொதத் தாள நான் ஒட்டவே இல்ல. டிபன் பாக்ஸுக்கு அடியில போட்டு, குப்பையில போட்டுட்டேன்."

"தெரியும்மா," என்றார். "அந்தக் கூடைய கொட்டுனது நாந்தானே."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அப்பவே ரெண்டு திட்டு திட்டியிருக்கலாமில்ல?"

"திட்டலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீயே 'நம்பர சொல்லுங்க'ன்னு கேட்டுட்ட. ஆறு வருசமா ஊரக் கேட்டவ. அப்பால இன்னாத்த திட்டறது?" என்று சொல்லிவிட்டு, ஒன்றாம் கம்பத்தில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டாயிரத்து இரண்டில் கேபிளைப் பூமிக்கு அடியில் போட்டு முடித்துவிட்டு, பழைய கம்பங்களை இரும்பு விலைக்கு ஏலம் விட்டார்கள். ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போனார்கள். ஒரு நாள் மதியம் எனக்குப் போன். புதிதாக வந்த ஜூனியர் எஞ்சினியர் சுபாஷ், நம்ம பக்கத்துப் பையன்.

"மேடம், ஒரு அம்மா கம்பத்தக் கட்டிப் பிடிச்சிக்கினு உக்காந்திருக்கறாங்க. இத புடுங்கக் கூடாதாம். பேரு தைலம்மாளாம். ஒண்டி ஆளா மறியல் பண்றாங்க மேடம்! இன்னா பண்றது?"

"பிச்சைமுத்து பக்கத்துலதான் இருக்கறாரு. அவர கூப்டு, பேசுவாரு," என்றேன்.

அரை மணி கழித்து மறுபடி கூப்பிட்டான். குரலில் அழுகை வராத குறை.

"மேடம், நல்ல ஆள சொன்னீங்க. வந்தாரு, கம்பத்த ஒரு சுத்து பாத்தாரு, துண்ட உதறிப் போட்டு அந்தம்மா பக்கத்துலயே உக்காந்துட்டாரு."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது, கண்ணும் கலங்கியது. "எங்க உக்காந்திருக்கறாரு? எடத்த மொதல்ல சொல்லுப்பா."

"நூத்தி மூணுல மேடம்."

"அப்படின்னா வுட்டுட்டு வா," என்றேன். அதிகாரியிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன், பேசினேன், அவரும் என் வாய்க்குப் பயந்து ஒரு கம்பத்தை ஏலக் கணக்கிலிருந்து விட்டுவிட்டார். ஒயரில்லாத அந்தக் கம்பம் இன்னும் அங்கேதான் நிற்கிறது. பிச்சைமுத்து போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பக்கத்து ஜனங்கள் இன்றைக்கும் நூற்றியெட்டுக்குப் போன் பண்ணினால், "நூத்தி மூணாங் கம்பத்தாண்ட" என்றுதான் முதலில் சொல்கிறார்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.